சூதாட்டக்கூடத் தடை உத்தரவு: சிங்கப்பூரில் கிடைக்கும் ஒரு சேவையின் மதிப்பீடு

சிங்கப்பூரில் ஒருவர் சூதாட்டக்கூடத்துக்குள் போகாதபடி தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளவும், தேவைப்பட்டால் குடும்பத்தார் அவரைத் தடுக்கவும் வழிசெய்யும் தடை உத்தரவு, கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு சேவை. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் இதை நிர்வகித்து வருகிறது. உறவுக்கார அக்கா ஒருவர் தம் கணவர்மீது குடும்பத் தடை உத்தரவு கோரியபோது, மனு எழுதியதிலிருந்து உத்தரவு கைக்கு வந்தது வரை நான் உடனிருந்தேன். ஒரு குடும்பத்தின் வீட்டையும் சேமிப்பையும் காப்பாற்றக்கூடிய இந்தச் சேவை எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த உத்தரவு மூடுகின்ற கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூதாட்டக்கூடங்களோடு கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி அளிப்பதென அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2005 ஏப்ரலில் அறிவித்தார். 2006இல் சூதாட்டக்கூடக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 2010 பிப்ரவரி 14 அன்று ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவிலும், அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று மரினா பே சாண்ட்ஸிலும் கூடங்கள் திறக்கப்பட்டன. ஆரம்பத்திலிருந்தே சில வேலிகள் சட்டத்திலேயே போடப்பட்டிருந்தன. 21 வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி அல்லது ஆண்டுக்கு 2,000 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றிருந்தது. 2019 ஏப்ரலில் அது 150 வெள்ளியாகவும் 3,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. அந்தப் பணம் கூடத்துக்குப் போவதில்லை. பொதுநலப் பணிகளுக்காக அரசின் பந்தயப்பிடிப்புக் கழகத்துக்குப் போகிறது. ஒரு லட்சம் வெள்ளி முன்பணம் வைத்திருக்கும் பெரும்புள்ளிகளைத் தவிர, உள்ளூர்வாசி எவருக்கும் கூடம் கடன் கொடுக்கக் கூடாது. இவ்வளவு யோசித்து வேலி போட்ட நாடுகள் அதிகமில்லை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் நுழைவுக் கட்டணத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எப்போதாவது வேடிக்கை பார்க்கப் போகிறவரை 150 வெள்ளி என்ற தொகை தடுத்துவிடும், உண்மைதான். ஏற்கெனவே பழகிவிட்டவரோ, கட்டிய காசையாவது எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கோடு உள்ளே உட்காருகிறார்; 24 மணி நேரம் செல்லும் என்பதால் எழுந்து வரவும் மனம் வருவதில்லை. ஆண்டுக் கட்டணத்தைப் பாருங்கள்: ஆண்டுக்கு இருபது முறைக்கு மேல் போகிறவருக்கு அது லாபம். யாரை அதிகமாகத் தடுக்க வேண்டுமோ அவருக்குத்தான் ஒவ்வொரு நுழைவும் மலிவாகிறது. இந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே விற்கப்படும் பொருள் என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் இருக்கின்றன; ஒற்றை எண்ணில் கட்டி வென்றாலோ 35 மடங்குதான் கிடைக்கும். அதனால் கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 2 வெள்ளி 70 காசு கூடத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு பூஜ்யங்கள் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இது 5 வெள்ளி 26 காசு. நம் பக்கத்துக் கூடங்களில் கூட்டம் மொய்க்கும் பாக்கரா என்பது, ‘பேங்கர்’, ‘பிளேயர்’ என்ற இரு பக்கங்களில் எது வெல்லும் என்று கட்டும் சீட்டாட்டம்; அதில் ‘பேங்கர்’ பக்கம் கட்டினால் 1.06 விழுக்காடு, ‘பிளேயர்’ பக்கம் கட்டினால் 1.24 விழுக்காடு, இரண்டும் சமமானால் எட்டு மடங்கு கிடைக்கும் என்று ஆசைகாட்டும் ‘டை’ பந்தயத்தில் 14 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு விழுக்காடுதானே, அதில் என்ன பெரிய நட்டம் வந்துவிடும் என்று அக்காவின் கணவரும் கேட்டார். அந்த விழுக்காடு கொண்டுபோகும் பணத்தின்மீது கணக்கிடப்படுவதில்லை, மேசையில் திரும்பத் திரும்பப் புரளும் பணத்தின்மீது கணக்கிடப்படுகிறது. ஒருவர் சட்டைப்பையில் 500 வெள்ளியோடு போய், ஓர் ஆட்டத்துக்கு 50 வெள்ளி வீதம் ‘பிளேயர்’ பக்கமே கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 ஆட்டங்கள் நடந்தால், நான்கு மணி நேரத்தில் அவர் கட்டிய மொத்தத் தொகை 14,000 வெள்ளி ஆகிவிடும், அதில் 1.24 விழுக்காடு என்பது ஏறத்தாழ 174 வெள்ளி. இதுவும் சராசரிதான். ஏற்ற இறக்கத்தில் முதல் மணி நேரத்திலேயே 500 வெள்ளியும் போய்விடலாம், அல்லது இரண்டு மடங்காகவும் ஆகலாம். இரண்டு மடங்கான அந்த நாளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பழக்கத்தில் சிக்கியவர்களின் கதைகளில் ஆரம்பகால வெற்றி ஒன்று அடிக்கடி இருக்கிறது. ‘அன்று கிடைத்தது, மறுபடியும் கிடைக்கும்’ என்பதே அதன்பின் அவர்களின் எல்லாக் கணக்குக்கும் அடிப்படையாகிவிடுகிறது.

பாக்கரா மேசையின் அருகே நின்று பார்த்தவர்களுக்கு அங்குள்ள மின்பலகை நினைவிருக்கும். முந்தைய ஆட்டங்களின் முடிவுகள் அதில் சிவப்பு வட்டமும் நீல வட்டமுமாக, இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போகும். சிவப்பு பேங்கர், நீலம் பிளேயர், நடுவே பச்சைக் கோடு விழுந்தால் டை. சிவப்பு தொடர்ந்து கீழ்நோக்கி நீளும்போது மேசையைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள்; பக்கத்து மேசையிலிருந்துகூட எழுந்துவந்து கட்டுவார்கள். பலர் கையில் குறிப்புச் சீட்டு வைத்துக்கொண்டு அதே வட்டங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும், எட்டுக் கட்டுச் சீட்டுகளைக் கலந்து ஆடும் ஆட்டத்தில் போன முடிவுகளைக் கொண்டு அடுத்த முடிவைக் கணிக்கப் பயன்படும்படியாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பலகையையும் குறிப்புச் சீட்டையும் கூடமே இலவசமாகக் கொடுக்கிறது என்பதை யோசித்தாலே போதும்: தனக்கு நட்டம் வரவைக்கும் தகவலாக இருந்தால் கூடம் அதைச் சுவரில் எழுதி மாட்டுமா? 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மாண்டி கார்லோ கூடத்தில் ரூலெட் பந்து தொடர்ச்சியாக 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று நம்பிக் கட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தார்கள். மாண்டி கார்லோவில் தொடர் முறியும் என்று கட்டினார்கள், இங்கே தொடர் நீடிக்கும் என்று கட்டுகிறார்கள்; முன்பு நடந்ததை வைத்து அடுத்ததை அறியலாம் என்ற நம்பிக்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஜாக்பாட் இயந்திரங்களின் வேலை இன்னும் நுட்பமானது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபடி, ஒழுங்கற்ற இடைவெளியில் பரிசு கொடுத்தால் ஒரு செயலை விடாமல் செய்யவைக்க முடியும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டே காட்டியிருக்கிறார். இயந்திரம் அதே முறையில்தான் இயங்குகிறது. மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நின்றுவிடும் ‘நூலிழைத் தோல்வி’யும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் கிளார்க் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தோற்கும்போது, வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்படுவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். தோற்றவருக்கு அது தோல்வியாகப் படுவதில்லை. நெருங்கிவிட்டோம் என்றே படுகிறது. பார்க்கின்சன் நோய்க்காக, மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளை உட்கொண்டவர்களில் சிலர், வாழ்நாளில் சூதாடியே பழக்கமில்லாதவர்கள், திடீரெனச் சூதாட்டத்தில் விழுந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ‘மனசு வைத்தால் விட்டுவிடலாம், அவனுக்குத் திமிர்’ என்று பேசும் பெரியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அதே நிலைப்பாட்டை எடுத்துள்ளது. அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைக் குறிப்பிடுகிறது. பன்னிரண்டு மாதங்களில் அவற்றில் நான்கு இருந்தாலே கோளாறு எனக் கொள்ளலாம். பரபரப்புக்காகத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்த முயன்றால் எரிச்சலும் அமைதியின்மையும் வருவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே போவது, வீட்டில் பொய் சொல்வது ஆகியவை எல்லோரும் எளிதில் அடையாளம் காணக்கூடியவை. ஒன்பதில் ஒன்றாக இன்னொன்றும் இருக்கிறது: சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியைத் தீர்க்க மற்றவர்களின் பணத்தை நம்பியிருப்பது. நம் குடும்பங்களில் இது நோயின் அறிகுறியாகத் தெரிவதில்லை, பாசமாகத் தெரிகிறது. மாமியார் நகையை அடகு வைப்பார். தம்பி தன் சேமிப்பை எடுத்துக் கொடுப்பான். ‘இந்த ஒரு தடவை’ என்று சாமி படத்தின் முன் சத்தியம் வாங்கிக்கொண்டு கடன் முதலைகளுக்குப் பணத்தைக் கட்டுவார்கள். கடன் தீர்ந்த நாளில் அவர் தலையிலிருந்து சுமை இறங்குகிறது, மறுபடியும் கடன் வாங்கும் தகுதியும் வந்துவிடுகிறது. அக்கா வீட்டில் இது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்தது. நான் யாருக்கும் முதலில் சொல்லும் யோசனை இதனால்தான்: கடனை அடைப்பதற்கு முன் தடை உத்தரவை வாங்குங்கள்.

சேவைக்கு வருகிறேன். உத்தரவுகள் மூன்று வகைப்படும். முதலாவது சுயத்தடை. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக மன்றத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, சில நிமிடங்களில் விண்ணப்பித்துவிடலாம். காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை, யார் முன்னிலையிலும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. ஓராண்டு முடியும் வரை அதைத் திரும்பப் பெறவும் முடியாது. மனக்கிளர்ச்சி இல்லாத ஒரு காலை நேரத்தில் எடுத்த முடிவு, சம்பளம் வந்த இரவிலும் செல்லுபடியாக வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கூடங்களோடு நிற்காமல், கிளப்புகளில் உள்ள ஜாக்பாட் அறைகளுக்கும், லாட்டரியும் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் இணையக் கணக்குக்கும் சேர்த்துத் தடை கேட்கலாம். பலர் இதைக் கவனிக்காமல் கூடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்; தயவுசெய்து எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது, சட்டமே தானாக விதிக்கும் தடை. நொடிப்பு நிலையிலிருந்து விடுபடாதவர்கள், அரசின் சமூக நிதியுதவி பெறுவோர், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டில் ஆறு மாத வாடகை பாக்கி வைத்திருப்போர் ஆகியோர் இதில் அடங்குவர். முற்றிலும் தடுக்காமல் மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு விதிக்கும் உத்தரவும் தனியே உண்டு. என் அனுபவத்தில் பழக்கம் முற்றியவருக்கு அது உதவாது. தவணை முறையில் குடித்துக்கொள்ளச் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மூன்றாவதான குடும்பத் தடை உத்தரவுதான் நான் அருகிலிருந்து பார்த்தது. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆலோசகர் ஒருவர் இரு தரப்பையும் சந்தித்துப் பேசிய பிறகு, மதிப்பீட்டுக் குழுவின் முன் விசாரணை நடக்கும்; அவசரம் என்று தோன்றினால் இடைக்கால உத்தரவுக்கும் வழி இருக்கிறது. குடும்பத்தின் தேவைகளைப் பொருட்படுத்தாமல் அவர் சூதாடுகிறார் என்பதை நாம் காட்ட வேண்டும். அக்கா கொண்டுபோனது ஒரு பழைய பிளாஸ்டிக் கோப்பு: வங்கிக் கணக்கு அறிக்கைகள், அடகுக்கடை ரசீதுகள், மின்கட்டண நிலுவைக் கடிதம், பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணம் எடுக்கப்பட்ட தேதிக்கு மஞ்சள் மையில் கோடு. நீதிமன்றம்போல அதட்டுவார்களோ என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்தவரிடம், அந்த அறையில் இருந்தவர்கள் பொறுமையாகவே கேட்டார்கள். அவர் அழுதபோது காத்திருந்தார்கள். அத்தானையும் குற்றவாளியைப்போல நடத்தவில்லை, அவர் தரப்பைப் பேசவிட்டார்கள். இந்த அணுகுமுறைக்காகவே சேவையை நான் உயர்வாக மதிப்பிடுகிறேன். வீட்டில் அக்கா ‘போகாதே’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அது சண்டையாகத்தான் முடிந்தது. உத்தரவு வந்த பின் அதைச் சொல்லும் பொறுப்பு அக்காவிடமிருந்து வாசல் காவலுக்குப் போய்விட்டது. வீட்டில் கத்தல் குறைந்ததைப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்ப உத்தரவுக்கான நடைமுறைக்கு நேரம் பிடிக்கிறது. பேட்டி, விசாரணை என்று வேலைக்கு விடுப்பு எடுத்து அலைய வேண்டியிருக்கிறது. தினச்சம்பளக்காரருக்கு அது சிறிய விஷயமல்ல. அடுத்து, உத்தரவின் எல்லை சிங்கப்பூர்தான். பேருந்து ஏறினால் மலேசியாவின் கெந்திங் மலை இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், சட்டவிரோத இணையச் சூதாட்டம் கைப்பேசியிலேயே இருக்கிறது. தளங்களை அரசு முடக்கினாலும் புதுப்பெயரில் வேறொன்று முளைத்துவிடுகிறது. அத்தானும் சில மாதங்கள் கைப்பேசிப் பக்கம் சாய்ந்தார். எனவே, உத்தரவு வந்த அன்றே வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, சம்பளம் எந்தக் கணக்குக்குப் போவது என்பதையும் முடிவுசெய்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்தும் குறை வேறொன்று. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை. கடவுச்சீட்டையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டினால் இலவசமாகவே உள்ளே போகலாம். பெரும்பணத்தோடு வரும் சுற்றுலாப் பயணிக்காகப் போட்ட விதி, தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகளுக்கும் அதே வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனே அடையாத நிலையில், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நண்பர்களைப் பார்த்துவிட்டுக் குளிர்சாதனத்துக்காகவும் வேடிக்கைக்காகவும் உள்ளே போகும் ஒருவருக்கு, யோசிக்கவைக்கும் அந்த 150 வெள்ளித் தடைகூடக் கிடையாது. அவர்களும் சுயத்தடைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல செய்தி; ஆனால் ஊரிலிருக்கும் மனைவி இங்கே வந்து குழுவின் முன் நிற்பது நடைமுறையில் நடக்கக்கூடிய காரியமா? தங்கும் விடுதிகளில் அறைத்தோழர்களும் மேற்பார்வையாளர்களும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, இளைஞர்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே சுயத்தடை விண்ணப்பத்தைப் போடவைத்தால் பல குடும்பங்கள் பிழைக்கும்.

இந்த வேலிகளால் பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு மன்றத்தின் ஆய்வுகளே ஓரளவு பதில் தருகின்றன. சூதாட்டப் பிரச்சினை இருக்கக்கூடியவர்களின் விகிதம் 2011இல் 2.6 விழுக்காடாக இருந்தது, 2014இல் 0.7 விழுக்காடாக இறங்கி, 2020இல் 1.2 விழுக்காடானது. கூடங்கள் திறந்த பின்னரும் விகிதம் எகிறவில்லை என்பது ஆறுதல். இறங்கியதற்குத் தடை உத்தரவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பொதுமக்களிடம் ஏற்பட்ட விழிப்புணர்வு, சட்டத்தின் மற்ற வேலிகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

உத்தரவு சிகிச்சை ஆகாது. சிகிச்சை தொடங்குவதற்கான இடைவெளியை அது உண்டாக்கித் தருகிறது. மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைத்தன மேலாண்மைச் சேவையில், ஆட்டத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளைக் கண்டறிந்து மாற்றும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை அளிக்கிறார்கள். குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகிறார்கள். மனச்சோர்வோ மதுப்பழக்கமோ கூடவே இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பல வங்கிகளில் கடன் சிக்கியிருந்தால், கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை அணுகித் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ளலாம்.

முதல் அடி எடுத்துவைக்கத் தயங்குகிறவர்கள் மன்றத்தின் 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். சூதாடுபவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, மனைவியோ அம்மாவோ அழைத்தாலும் பேசுவார்கள். கடனால் நெருக்கப்பட்டவர் சாவைப் பற்றிப் பேசினால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாமல், அன்றே தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது அவரை மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்ப உத்தரவுக்குப் போகத் தீர்மானித்தவர்கள் கடந்த ஆறு மாத வங்கி அறிக்கைகளையும், அடகு ரசீதுகளையும், கடன் கேட்டு வந்த குறுஞ்செய்திகளையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோனால் விசாரணை எளிதாகும். அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். எப்படியும் அவருக்கு அறிவிப்புப் போகும், அதற்கு முன் நீங்களே நேரில் சொல்லிவிடுவது நல்லது என்று அக்காவுக்கு ஆலோசகர் சொன்னார், அப்படியே செய்தோம்.